பெயரின் விலை: ஒவ்வாமை மாத்திரை ஒன்றின் வரலாறு

ஓசூர் நெடுஞ்சாலையிலிருந்து ஆனேக்கல் சாலை பிரியும் சந்தாபுராச் சந்திப்பில் மருந்துக்கடைகளுக்குக் குறைவில்லை. பொம்மசந்திரா தொழிற்பேட்டையின் தொழிலாளரும், எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்வருவோரும், ஆனேக்கல் வட்டத்துக் கிராமத்தாரும் அவற்றின் வாடிக்கையாளர்கள். தும்மல், மூக்கொழுகல், கண்ணரிப்பு என்று மருத்துவரிடம் சென்றவர்களின் சீட்டில் பெரும்பாலும் காணப்படுவது, மாண்டெலூகாஸ்ட் 10 மில்லிகிராமும் லெவோசெட்டிரிசைன் 5 மில்லிகிராமும் சேர்ந்த ஒற்றை மாத்திரை. முன்னணி வணிகப் பெயர்களில் அதன் விலை மாத்திரைக்கு இருபது ரூபாயை ஒட்டி வருகிறது. அதே அலமாரியில் இருக்கும் பழைய செட்டிரிசைனுக்கு அரசு விதித்துள்ள உச்சவரம்பு இரண்டு ரூபாயை ஒட்டியது. ஒவ்வாமை மூன்று நாளில் தீரும் காய்ச்சல் அன்று. பருவம் முழுவதும் நீடிப்பது. ஒருவருக்கு ஒரு மாதத்துக்கு அறுநூறு ரூபாய், வீட்டில் இருவருக்கு என்றால் ஆயிரத்து இருநூறு. ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரின் மாதச் சம்பளத்தில் இது சிறிய தொகையாகாது. இந்தப் பத்து மடங்கு வேறுபாடு எவ்வாறு உருவாயிற்று என்பதே இப்பதிவின் கேள்வி.

தேவை இங்கு மிகுதி என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பெங்களூருவில் மருத்துவர் எச். பரமேஷ் குழந்தைகளிடையே நடத்திய தொடர் ஆய்வில், ஆஸ்துமாவின் அளவு 1979இல் 9 விழுக்காடாக இருந்து 1999இல் 29.5 விழுக்காடாக உயர்ந்திருந்தது. 1950களில் இறக்குமதிக் கோதுமையோடு இந்தியாவுக்குள் வந்ததாகக் கருதப்படும் பார்த்தீனியம், நகரின் காலிமனைகளை எல்லாம் பிடித்துக்கொண்டது. அதன் மகரந்தம் மூக்கு ஒவ்வாமையைத் தூண்டுவதை இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் ஆராய்ந்து எழுதியுள்ளனர். கர்நாடக அரசு 1975இலேயே அதைத் தீங்குக் களையாக அறிவித்தது. அதைத் தின்னும் மெக்சிகோ வண்டு 1984இல் பெங்களூருவில்தான் திறந்துவிடப்பட்டது. (மக்கள் அச்செடிக்கு இட்ட பெயர் 'காங்கிரஸ் புல்'. பெயரிடுதலின் அரசியலைப் பேசும் வகுப்புகளுக்கு நல்ல எடுத்துக்காட்டு.) களை அழியவில்லை, நகரம் தெற்கே சந்தாபுராவையும் கடந்து விரிந்தபோது கட்டுமானத் தூசியும் வாகனப் புகையும் அதனோடு சேர்ந்துகொண்டன.

விலை வேறுபாட்டுக்குக் காரணம் காப்புரிமை என்று சொல்லிவிடுவது எளிது. வரலாறு அதற்கு இடந்தரவில்லை. செட்டிரிசைன் பெல்ஜியத்தின் யூசிபி நிறுவனம் உருவாக்கியது. 1980களின் பிற்பகுதியில் ஐரோப்பியச் சந்தைக்கு வந்தது. மாண்டெலூகாஸ்ட் மெர்க் நிறுவனத்தின் கண்டுபிடிப்பு; 1998இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. இரண்டு மூலக்கூறுகளும் 1995க்கு முன்னரே காப்புரிமைக்குப் பதியப்பட்டவை. ஆதலால் இந்தியாவில் இவற்றுக்குப் பொருட்காப்புரிமை ஒருநாளும் இருந்ததில்லை. எந்த உரிமத் தொகையும் செலுத்தாமல் எத்தனையோ இந்திய நிறுவனங்கள் இவற்றைத் தொடக்கத்திலிருந்தே தயாரித்து வருகின்றன. போட்டி இருக்கிறது, காப்புரிமை இல்லை. இருந்தும் விலை இறங்கவில்லை. அப்படியானால் விலை மூலக்கூறில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது. அது பெயரில் இருக்கிறது என்பது என் வாதம். மொழியியலில் முதுகலை முடித்தவர் எதையும் சொல்லாகவே பார்ப்பார் என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. இங்கே ஆவணங்களே அப்படிப் பார்க்கச் சொல்கின்றன.

ஒரு மருந்துக்கு மூன்று பெயர்கள் உண்டு. வேதியியல் பெயர் வேதியியலாளருக்கு. வணிகப் பெயர் நிறுவனத்தின் சொத்து. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள பொதுப்பெயர் உலகுக்கெல்லாம் உரியது. 1950இல் உலக சுகாதார நிறுவனத்தின் பேரவை எடுத்த முடிவின்படி இப்பொதுப்பெயர்கள் திட்டமிட்டு உருவாக்கப்படுகின்றன. முதற்பட்டியல் 1953இல் வெளியானது. இதன் சொல்லாக்க முறை ஏறத்தாழ ஓர் இலக்கணம். சொல்லின் ஈற்றில் நிற்கும் உருபு மருந்தின் குடும்பத்தைச் சுட்டும். முன்னால் நிற்பது தனி அடையாளத்துக்காக மட்டும். 'லூகாஸ்ட்' என்று முடிந்தால் அது லூக்கோட்ரையீன் ஏற்பியைத் தடுக்கும் மருந்து. 'டடீன்', 'ரிசைன்', 'அஸ்டீன்' என முடிபவை ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகளின் வெவ்வேறு கிளைகள். முன்னால் வரும் 'லெவோ', மூலக்கூறின் இடப்பக்க வடிவத்தைக் குறிக்கும் முன்னொட்டு. மாண்டெலூகாஸ்டின் முற்பகுதியான 'மாண்ட்', அம்மருந்து பிறந்த மாண்ட்ரியல் நகரத்தை நினைவூட்டுவது. மருத்துவப் பொருள் எதுவும் அதற்கில்லை. இந்தியக் கடைகளில் விற்கும் வணிகப் பெயர்களைப் பாருங்கள்: மாண்டேர், மாண்டெக். பொருளற்ற 'மாண்ட்' தக்கவைக்கப்பட்டிருக்கிறது. பொருள் சுமக்கும் 'லூகாஸ்ட்' உதிர்க்கப்பட்டிருக்கிறது. நோயாளிக்கு ஏதேனும் சொல்லக்கூடிய அசைகள் எவையோ, அவையே போய்விடுகின்றன. ஈற்றுருபுகளை வணிகப் பெயர்களில் பயன்படுத்தலாகாது என்று 1993இல் அதே பேரவை கேட்டுக்கொண்டதற்குத் தக்க காரணம் உண்டு: அந்த உருபு எவருக்கும் தனிச்சொத்தாகிவிடக் கூடாது. ஆனால் அதன் பக்கவிளைவாக, கடையில் உரத்து ஒலிக்கும் பெயரில் இலக்கணமே இல்லாமல் போயிற்று.

ஒவ்வாமை மருந்துகளின் வம்சாவளி இந்தப் பெயர்களிலேயே பதிவாகியிருக்கிறது. பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் டேனியல் போவேயும் ஆன்-மரி ஸ்டாபும் 1937இல் முதல் ஹிஸ்டமின் எதிர்ப்புப் பொருளை விவரித்தனர். மனிதருக்குத் தரும் நிலையில் அது இல்லை. 1940களில் அன்டர்கான், பெனட்ரில் முதலியவை வந்தன. போவேக்கு 1957இல் நோபல் பரிசு கிடைத்தது. அத்தலைமுறை மருந்துகளுக்கு ஒரு பெருங்குறை: தூக்கம். இரண்டாம் தலைமுறை அக்குறையைத் தீர்த்தது. அதன் பின்னர்தான் கதை திசைமாறுகிறது.

ஹைட்ராக்சிசைன் என்ற பழைய மருந்து உடலுக்குள் சென்றதும் சிதைந்து செட்டிரிசைனாக மாறுகிறது. அச்சிதைபொருளையே தனி மருந்தாக்கியதில் உண்மையான பயன் இருந்தது; தூக்கம் குறைந்தது. செட்டிரிசைன் தன்னளவில் இரு கண்ணாடிப் பிம்ப வடிவங்களின் சரிபாதிக் கலவை; அதில் ஒரு பாதியைப் பிரித்தெடுத்தால் லெவோசெட்டிரிசைன். கணக்கு எளிது: 10 மில்லிகிராம் செட்டிரிசைனை விழுங்கும் ஒருவர் 5 மில்லிகிராம் லெவோசெட்டிரிசைனையும் ஏற்கெனவே விழுங்கிவிடுகிறார். அமெரிக்காவில் இந்த மாற்றங்களின் நாட்காட்டியைக் கவனித்தால் வேதியியலை விட வணிகம் தெளிவாகத் தெரியும். லோராடடீனின் காப்புரிமை 2002 இறுதியில் முடியவிருந்தது. அதன் சிதைபொருளான டெஸ்லோராடடீன் 2001 டிசம்பரில் ஒப்புதல் பெற்றது. செட்டிரிசைனின் காப்புரிமை 2007 டிசம்பரில் முடிந்தது. லெவோசெட்டிரிசைன் அதே ஆண்டு மே மாதம் ஒப்புதல் பெற்றது.

அங்கே இதை முதலில் எதிர்த்தது நோயாளர் அமைப்பன்று, ஒரு காப்பீட்டு நிறுவனம். வெல்பாயிண்ட் என்ற அந்நிறுவனம் 1998இல், இந்த ஒவ்வாமை மாத்திரைகளைச் சீட்டின்றி விற்க அனுமதிக்க வேண்டும் என்று உணவு மருந்து நிர்வாகத்திடம் மனுச் செய்தது. தயாரிப்பாளர் வேண்டாம் என்று சொல்ல, பணம் கட்டுபவர் வேண்டும் என்று கேட்ட விசித்திர வழக்கு அது. சீட்டு என்பது அங்கே பாதுகாப்பு வேலியாக மட்டும் இருக்கவில்லை. விலைக்கும் வேலியாக இருந்தது. 2002 இறுதியில் லோராடடீன் சீட்டின்றிக் கிடைக்கலானது, விலை சரிந்தது.

இந்தியச் சட்டம் இந்த வம்சாவளியை முன்பே படித்துவிட்டது போல ஒரு பத்தியை வைத்திருக்கிறது. 2005இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவுக்கான விளக்கம், அறியப்பட்ட ஒரு பொருளின் உப்புகள், சிதைபொருள்கள், மாற்றியங்கள், சேர்மானங்கள் முதலியவற்றை, செயல்திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லாதவரை, அதே பொருளாகவே கருத வேண்டும் என்கிறது. சிதைபொருள்: செட்டிரிசைன். மாற்றியம்: லெவோசெட்டிரிசைன். சேர்மானம்: சந்தாபுராக் கடையின் அந்த இருபது ரூபாய் மாத்திரை. நோவார்ட்டிஸ் நிறுவனம் தன் புற்றுநோய் மருந்துக்காக இப்பிரிவை எதிர்த்துத் தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007இல் ஏற்க மறுத்தது. உச்சநீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று அந்நிறுவனத்தின் காப்புரிமைக் கோரிக்கையைத் தள்ளியது. காப்புரிமைச் சட்டம், ஆக, பெயரைக் கடந்து பொருளைப் படிக்கத் தெரிந்த சட்டம்.

அந்த அறிவு ஒரே நாளில் வந்ததன்று. பிரித்தானியர் தந்த 1911ஆம் ஆண்டுச் சட்டம் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை வழங்கியது. 1959 முதல் எஸ்டெஸ் கிஃபாவர் தலைமையில் அமெரிக்க மேலவைத் துணைக்குழு நடத்திய விசாரணைகளின் முடிவில், சில நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளின் விலை உலகிலேயே மிக உயர்ந்த நாடுகளுள் ஒன்று என்று இந்தியா சுட்டப்பட்டது. அதே 1959இல், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த என். ராஜகோபால ஐயங்கார் காப்புரிமைச் சட்டத் திருத்தம் குறித்த தம் அறிக்கையை அளித்தார். இந்தியக் காப்புரிமைகளில் 80 முதல் 90 விழுக்காடு வெளிநாட்டாரிடம் இருப்பதையும், அவற்றில் மிகப்பெரும்பாலானவை இங்கே தொழிலில் பயன்படுத்தப்படவே இல்லை என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். பதினோர் ஆண்டு இழுபறிக்குப் பின் வந்த 1970ஆம் ஆண்டுச் சட்டம் 1972 ஏப்ரல் 20 அன்று நடைமுறைக்கு வந்தது. மருந்துக்கு இனிச் செய்முறைக் காப்புரிமை மட்டுமே. மாண்டெலூகாஸ்டும் செட்டிரிசைனும் இந்தியாவில் கட்டற்று உருவானதற்கு அடித்தளம் அந்த அறிக்கைதான். தமிழ்ச் சூழலில் ஐயங்காரின் பெயர் ஏன் இவ்வளவு குறைவாகப் பேசப்படுகிறது என்பது எனக்கு விளங்காத ஒன்று.

விலைச் சட்டத்தின் வரலாறு வேறு பாதையில் சென்றது. சீனப் போரை ஒட்டி 1962, 1963 ஆண்டுகளில் வந்த ஆணைகள் தொடக்கம். 1970இன் ஆணை முறையான கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. 1979இல் 347 மூலமருந்துகள் கட்டுப்பாட்டுக்குள் இருந்தன, 1987இல் 142, 1995இல் எழுபத்து நான்கு. பொதுநல வழக்குகளின் அழுத்தத்தில் உருவான 2013ஆம் ஆண்டு ஆணை, தேசிய இன்றியமையா மருந்துப் பட்டியலில் உள்ள அனைத்தையும் உள்ளே கொண்டுவந்தது. அதே வேளையில் கணக்கிடும் முறையை மாற்றிவிட்டது. அதுவரை தயாரிப்புச் செலவு அடிப்படை. அதன்பின், சந்தையில் ஒரு விழுக்காடேனும் பங்குள்ள எல்லா வணிகப் பெயர்களின் விலையையும் சராசரி எடுத்து, சில்லறை வணிகருக்கு 16 விழுக்காடு சேர்த்தால் அதுவே உச்சவரம்பு. விலையுயர்ந்த பெயர்கள் ஏற்படுத்திய உயரமே அளவுகோலாயிற்று.

அதைவிட முதன்மையானது, இந்த ஆணை ஒரு மருந்தை அடையாளம் காணும் விதம். பெயர், அளவு, வடிவம் மூன்றும் பட்டியலில் உள்ளபடி பொருந்த வேண்டும். செட்டிரிசைன் 10 மில்லிகிராம் மாத்திரை பட்டியலில் உண்டு. 2022 செப்டம்பரில் வெளியான 384 மருந்துகள் கொண்ட பட்டியலில் மாண்டெலூகாஸ்டும் சேர்க்கப்பட்டது. இரண்டையும் கூட்டிய மாத்திரை இல்லை. பட்டியலுக்கு வெளியே உள்ளவற்றுக்கு, ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் ஏற்றாதே என்பதுதான் கட்டுப்பாடு. புதிதாக வரும் கூட்டுகளுக்கு விலை நிர்ணய ஆணையம் நிறுவனம்தோறும் விலை குறிப்பதுண்டு. அதுவும் நிலவும் சந்தை விலையை ஒட்டியே அமைகிறது. ஒரு சட்டம் சேர்மானத்தை 'அதே பொருள்' என்கிறது. மற்றொரு சட்டத்தின் பட்டியலில் அதே சேர்மானம் காணப்படுவதே இல்லை. இவ்விரண்டுக்கும் இடையிலான இடைவெளியில்தான் அந்தப் பதினெட்டு ரூபாய் தங்கியிருக்கிறது.

இந்த இடைவெளியை அடைக்க நடந்த முயற்சிகளுள் தீவிரமானது ஜெய்சுக்லால் ஹாத்தி தலைமையிலான குழுவின் 1975ஆம் ஆண்டுப் பரிந்துரை: வணிகப் பெயர்களைப் படிப்படியாக ஒழிக்க வேண்டும். 1978இன் மருந்துக் கொள்கை அதில் ஐந்தே மருந்துகளை எடுத்துக்கொண்டது. அனால்ஜின், ஆஸ்பிரின், குளோர்புரோமசைன், ஃபெரஸ் சல்பேட், பிப்பரசின் ஆகியவற்றைப் பொதுப்பெயரில் மட்டுமே விற்க வேண்டும் என 1981இல் அறிவிக்கை வந்தது. நிறுவனங்கள் டெல்லி உயர்நீதிமன்றம் சென்றன. ஆணை நடைமுறை காணாமலே முடிந்தது. நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2023 ஆகஸ்ட் 2 அன்று தேசிய மருத்துவ ஆணையம் மருத்துவர்கள் பொதுப்பெயரிலேயே எழுத வேண்டும் என்று விதி வெளியிட்டது. மருத்துவர் சங்கங்கள் எதிர்த்தன. அதே மாதம் 23ஆம் நாள் விதி நிறுத்திவைக்கப்பட்டது. மூன்று வாரம்.

எதிர்த்தவர்களின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. எல்லா ஆலைகளின் தரமும் ஒன்றல்ல. சோதனைக்கு உட்படும் மாதிரிகள் சொற்பம். நம்பிய பெயரை எழுதுவதே நோயாளிக்குப் பாதுகாப்பு என்பது அவர்கள் நிலை. மேலும், மருத்துவர் பொதுப்பெயர் எழுதினால் தேர்வு நோயாளியின் கைக்கு வருவதில்லை, கடைக்காரரின் கைக்குப் போகிறது. எதில் அவருக்கு இலாபம் அதிகமோ அதுவே விற்கும். மறுபக்கத்தில் சட்டம் இன்றுள்ள நிலையில், வணிகப் பெயர் எழுதப்பட்ட எச் அட்டவணை மருந்துக்குப் பதிலாக, உள்ளடக்கம் ஒன்றாகவே இருந்தாலும், வேறு தயாரிப்பை மருந்தாளுநர் தருவதை மருந்து விதி 65 தடுக்கிறது. எழுதியவரின் கையெழுத்திலேயே விலை முடிவாகிவிடுகிறது. மக்கள் மருந்தகத்தில் விலை 50 முதல் 80 விழுக்காடு வரை குறைவு என்று அரசு சொல்கிறது. ஆனால் சீட்டில் உள்ள சொல்லைக் கொண்டு அங்கே போய் நிற்கும் நோயாளி, இது அதுதான் என்பதைத் தாமே கண்டுபிடிக்க வேண்டும்.

தரம் குறித்த வாதத்துக்கு நடைமுறை மறுமொழி ஒன்று அத்திப்பள்ளி எல்லைக்கு அப்பால், ஓசூர் அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கும். 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளைப் பொதுப்பெயரில் மொத்தமாகக் கொள்முதல் செய்து, ஒவ்வொரு தொகுப்பையும் ஆய்வகத்தில் சோதித்த பிறகே விநியோகிக்கும் முறையை நிறுவியது. பிற மாநிலங்கள் பலவும் அதைப் பின்பற்றின. அங்கே நம்பிக்கைக்கு உரியது பெயர் அல்ல, சோதனை. தனியார் சீட்டின் உலகுக்கு இம்முறை இன்னும் வந்து சேரவில்லை.

பணம் மட்டும் இதில் பேச்சாக இருந்தால் வேறு. மாண்டெலூகாஸ்ட் மனநிலை மாற்றங்களை உண்டாக்கக்கூடும் என்பதால் 2020 மார்ச்சில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதன்மீது மிகக் கடுமையான எச்சரிக்கையைப் பதித்தது. மூக்கு ஒவ்வாமைக்கு மற்ற மருந்துகள் பயன்தராதபோது மட்டுமே அதைத் தரலாம் என்று அறிவுறுத்தியது. கூட்டு மாத்திரையில் அந்தத் தெரிவு மருத்துவருக்கும் இல்லை, நோயாளிக்கும் இல்லை. செட்டிரிசைன் போதுமானவருக்கும் மாண்டெலூகாஸ்ட் சேர்ந்தே உள்ளே போகிறது. 'மாண்ட்' என்று தொடங்கும் ஒரு சொல்லை மட்டும் அறிந்தவர், தாம் விழுங்குவது இரண்டு மருந்து என்பதைக்கூட அறிந்திருக்கத் தேவையில்லை. தூக்கம் கெட்டு, குழந்தை இரவில் அலறி எழுந்தால், அதை அந்த மாத்திரையோடு இணைத்துப் பார்க்க அவரிடம் சொல் இல்லை.

அட்டையில் பெயர் எப்படி அச்சாக வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. 2018 செப்டம்பர் 13 முதல், பொதுப்பெயர் வணிகப் பெயரை விடக் குறைந்தது இரண்டு எழுத்தளவு பெரிதாக அச்சிடப்பட வேண்டும். ஹாத்தி குழுவின் கனவில் எஞ்சியது இந்த எழுத்தளவு ஒன்றுதான் எனலாம். அதற்கும் ஒரு விலக்கு: மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகள் சேர்ந்த கூட்டுக்கு அவ்விதி பொருந்தாது. மாண்டெலூகாஸ்டும் லெவோசெட்டிரிசைனும் மட்டும் இருக்கும் அட்டையில் அவற்றின் பெயர்கள் பெரிதாக இருந்தாக வேண்டும். இருமல் என்று சொல்பவருக்காக ஆம்ப்ராக்சாலும் சேர்ந்த அட்டை அதே கடைகளில் கிடைக்கிறது. அதில் வணிகப் பெயர் எவ்வளவு பெரிதாகவும் இருக்கலாம்.